ஆளுக்குப் பாதி

மச்சான் வரமாட்டார் என்று தெரிந்தும் லாண்டரிக்காரர் இரண்டு டம்ளர்களை எடுத்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வெளியே விட்டுவிட்டு மழை. மழைக்காலத்தில் லாண்டரிக்காரன் பிழைப்பு நாய்ப் பிழைப்புதான். துவைத்தது காயாது, காய்ந்ததும் ஒரு மாதிரி வாடை அடிக்கும். கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் கட்டிய கயிறுகளில் ஊரார் சட்டைகள் எல்லாம் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவே குனிந்து குனிந்து போய் அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தார். தண்ணீரும் இரண்டு பேருக்குத்தான் வைத்தார். பழகின கைக்கு யார் போய்ச் சொல்வது?

கடையின் பின்பக்கம், இஸ்திரி மேசைக்கும் சுவருக்கும் இடையே, மூன்று பேர் உட்காரும் அளவுக்கு ஓர் இடம் உண்டு. ஒரு பக்கம் அவருடைய நாற்காலி. எதிரே மச்சானுடையது. நடுவில், விளக்குக்குக் கீழே, அவர் மனைவியின் முக்காலி. அவள் இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. முக்காலி அங்கேயேதான் இருந்தது. அதன் மேல் இருந்த பொத்தான் டப்பாவையும் யாரும் எடுக்கவில்லை.

மச்சான் என்பது மனைவியின் அண்ணன். இரண்டு தெரு தள்ளி பேக்கரி வைத்திருந்தார். வாரம் முழுக்க அடுப்பு வெக்கையில் நின்றுவிட்டு, ஞாயிறு காலை சபைக்குப் போய், மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, கக்கத்தில் பைபிளும் கையில் முந்தின நாள் பன் பொட்டலமுமாக இங்கே வந்துவிடுவார். வந்து உட்கார்ந்ததும் சண்டை ஆரம்பமாகும். இத்தனை வருஷமும் ஒரே சண்டைதான். வேதத்தில் பிழை உண்டா, இல்லையா?

மச்சானுக்கு முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை பிழை என்று ஒன்று கிடையாது. லாண்டரிக்காரருக்கு உண்டு. அவர் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டவர். முழுகி எழுந்த தலை ஈரம் காய்வதற்குள் மச்சான் அவர் கையில் ஒரு பைபிளைத் திணித்து, "படி மாப்ள, படிச்சா நம்பிக்கை தானா வரும்" என்றார். படித்தார். நம்பிக்கைக்கு முன்னால் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்புறம் குறை கண்டுபிடிப்பதற்காகவே படித்தார். பக்தியோடு படிக்கிறவர்கள் அவ்வளவு படிக்க மாட்டார்கள்.

"சுவிசேஷத்துல ஒருத்தர், ஊழியத்துக்குப் போறப்ப கையில தடி எடுத்துக்கிட்டுப் போங்கறார். இன்னொருத்தர் தடியே எடுக்காதேங்கறார். எது மச்சான் சரி?"

"கையில இருக்கற தடி போதும், ரெண்டாவதா ஒண்ணு தேடிக்கிட்டு அலையாதேன்னு அர்த்தம்."

"சரி, யூதாஸ் தூக்கு மாட்டிக்கிட்டானா, கீழ விழுந்து வயிறு வெடிச்சானா?"

"தூக்கு மாட்டினான். கயிறு அறுந்துச்சு. விழுந்தான். வெடிச்சான்."

"உங்க கயிறு மட்டும் உங்களுக்கு வேண்டிய நேரத்துல கரெக்டா அறுந்துடும் மச்சான்."

மனைவி நடுவில் உட்கார்ந்து ஊரார் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேர் குரலும் ஏறி ஏறித் தெருவுக்குக் கேட்கிற மட்டத்துக்கு வரும்போது நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். "சரி சரி, ஆளுக்குப் பாதி. எந்திரிங்க" என்பாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவரவர் டம்ளரை அவரவர் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

அவள் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை நிற்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் போய்த் தீர்ந்த பின் வந்த முதல் ஞாயிறு, மச்சான் பன்னோடு வந்து உட்கார்ந்து, "சேவல் எத்தனை தடவை கூவிச்சு, சொல்லு பாப்போம்" என்று அவராகவே வாயைக் கிளறினார். அன்று அழவேண்டியதையெல்லாம் லாண்டரிக்காரர் சண்டையாகப் போட்டுத் தீர்த்தார். பிள்ளைகள் இல்லாத வீடு. "நாளைக்கு வாங்க", "இந்தக் கறை போகாதுங்க" என்பதற்கு மேல் வாரம் முழுக்க வாயைத் திறக்க வேலை இல்லை. பேச்சு என்று அவருக்கு இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அதையும் ஜெயித்துக் கெடுத்துக்கொண்டார்.

ஜெயித்த கதை இப்படி. ரொம்ப நாளாக அவரிடம் ஓர் இடம் கைவசம் இருந்தது. ஜெப ஆலயத் தலைவன் ஒருவன் மகளுக்காக இயேசுவிடம் ஓடி வருகிறான். மாற்கு எழுதியதில், மகள் சாகக் கிடக்கிறாள், வந்து தொடும் என்கிறான். மத்தேயு எழுதியதில், மகள் இப்போதுதான் செத்தாள், நீர் வந்து தொட்டால் பிழைப்பாள் என்கிறான். ஒரே அப்பன், ஒரே மகள். ஆனாலும் மனைவி போன பிறகு அந்தப் பக்கத்தைப் புரட்ட லாண்டரிக்காரருக்குக் கை வரவில்லை. அந்த முக்காலிக்கு முன்னால் சாகக் கிடக்கிற பெண்ணின் கதை எதற்கு என்று விட்டுவைத்திருந்தார்.

ஜெயித்த அன்றைக்கு அவர் எரிச்சலில் இருந்தார். சபைப் பாடகர்களின் வெள்ளை அங்கிகளோடு எப்படியோ ஒரு சிவப்புத் துண்டு கலந்து, அத்தனையும் ரோஸ் நிறமாகக் கயிற்றில் தொங்கின. மச்சான் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்துப் போட்டிருந்தா கலந்திருக்குமா மாப்ள? வேதத்தையும் நீ இப்படித்தான் படிக்கறே." விளையாட்டாகச் சொன்னதுதான். லாண்டரிக்காரருக்குச் சுருக்கென்றது. மச்சான் மடியிலிருந்த பைபிளை வாங்கி, இரண்டு இடத்தையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு விரலை வைத்தார்.

"இதுக்குச் சொல்லுங்க. அந்த அப்பன் என்ன சொன்னான்? மக சாகப்போறாள்னா, செத்துட்டாள்னா?"

மச்சான் இரண்டையும் எத்தனையோ தடவை படித்தவர்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்ததில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்றைப் படித்தார். புரட்டி மற்றதைப் படித்தார். திரும்ப வந்தார். லாண்டரிக்காரர் காத்திருந்தார். எங்கேயாவது ஒரு கயிறு அறுந்துவிடும் என்றுதான் அவரும் எதிர்பார்த்தார். மச்சான் புத்தகத்தை மூடினார்.

"நீ சொல்றது சரிதான் மாப்ள. தப்பு இருக்கு."

"என்ன மச்சான்?"

"தப்பு இருக்குன்னேன்."

இரண்டு டம்ளர்களையும் அவரே கழுவினார். குடையை எடுத்தார். பைபிளை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

இன்றும் டீ ஆறியது. லாண்டரிக்காரர் ஒரு டம்ளரைக் குடித்தார். ஊற்றியதைக் கொட்ட மனமில்லாமல் மற்றதையும் குடித்தார். எதிர் நாற்காலியில் பைபிள் இருந்தது. இஸ்திரிப் பெட்டி ஒரு தடவை புஸ்ஸென்று ஆவி விட்டு அடங்கியது. அழுகையாக வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் மச்சான் மனைவி கடைக்கு வந்தாள். மாவு படிந்த ஏப்ரன்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூட்டையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அண்ணே, அவருக்கும் உங்களுக்கும் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையேம்மா. எப்பவும் போலத்தான் பேசிக்கிட்டிருந்தோம்."

"எப்பவும் போலப் பேசினா மனுஷன் ரொட்டிக்கு உப்புப் போட மறப்பாரா? ஒரு அடுப்பு ரொட்டி மொத்தமும் சப்புன்னு. ஓட்டல்காரன் திருப்பி அனுப்பிட்டான். இந்த வேலைக்கு வந்த நாள்லேருந்து அவருக்கு இப்படி ஆனதே இல்லண்ணே."

லாண்டரிக்காரர் மூட்டையை வாங்கி வைத்தார்.

"அடுப்பு பத்தவைக்கறதுக்கு முன்னாடி முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவாரு, பாத்திருக்கீங்க இல்ல? இப்போ தீக்குச்சியைக் கிழிச்சு உள்ள போட்டுட்டுப் போறாரு. சபைக்கும் வரல. சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டிருக்காரு. என்னன்னு கேட்டா, 'அதான் மாப்ள ஜெயிச்சுட்டாரே'ங்கறாரு. என்னத்தண்ணே ஜெயிச்சீங்க?"

"தெரியாம ஜெயிச்சுட்டேம்மா."

"அப்போ திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள், ஏதோ இரவல் வாங்கிய குடத்தைக் கேட்பது போல. "எனக்கு வேதத்துல தப்பு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான். வீட்டுல பேசற மனுஷன் வேணும்."

அவள் போன பிறகு லாண்டரிக்காரர் ஒரு காரியம் செய்தார். ஊர் கேட்டால் கைகொட்டிச் சிரித்திருக்கும். வேதத்தில் பிழை இல்லை என்று நிரூபிக்க உட்கார்ந்தார். இஸ்திரி மேசையின் ஓரத்தில் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு, காலரைத் தேய்க்கும்போது ஒரு சமாதானம் யோசிப்பார். சட்டைக் கைக்கு வரும்போது அதைத் தானே உடைப்பார். இத்தனை வருஷம் உடைத்துப் பழகிய புத்தி, கட்டச் சொன்னால் கட்டுமா? சட்டைதான் மடிந்தது. சமாதானம் எதுவும் மடிந்து நிற்கவில்லை.

போதகர் அங்கிகளை வாங்க வந்தபோது அவரிடம் கேட்டார். மத்தேயு சுருக்கமாக எழுதுகிறவர், அவ்வளவுதான் என்றார் போதகர். மீதியை விசுவாசத்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, ரோஸ் அங்கிகளைப் பார்த்து முகம் சுளித்தார். இதையும் விசுவாசத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று லாண்டரிக்காரருக்கு நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டார். மறுபடி வெளுத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார்.

ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, பைபிளை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு பேக்கரிக்குப் போனார். முன்பக்கம் மச்சான் மனைவி கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். கண்ணால் உள்ளே காட்டினாள்.

உள்ளே ஈரமும் வெக்கையும் புளித்த மாவு வாடையும். மச்சான் மேசையில் மாவைப் புரட்டிப் புரட்டிப் பிசைந்துகொண்டிருந்தார். புருவம்வரை வெள்ளை. ஆள் பாதியாகத் தெரிந்தார்.

"வா மாப்ள. பன் வேணுமா?"

"பைபிளை விட்டுட்டு வந்துட்டீங்க."

"அங்கேயே இருக்கட்டும்."

லாண்டரிக்காரர் அதை மாவு மூட்டையின் மேல் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "மச்சான், நான் யோசிச்சுப் பாத்தேன். அது தப்பே இல்ல. மாற்குல என்ன இருக்கு? முதல்ல சாகக் கிடக்கறாங்கறான். வழியில வீட்டு ஆளுங்க வந்து செத்துட்டாள்னு சொல்றாங்க. மத்தேயு ரெண்டையும் சேர்த்துச் சுருக்கிட்டார்."

மச்சான் கையை நிறுத்தவில்லை. "ஆளுங்க சொன்னதை எடுத்து அப்பன் வாயில வச்சா அதுக்குப் பேரு சுருக்கறதா? நீ சட்டையைச் சுருக்கினா அது பாவாடையாயிடுமா?"

"இல்ல... செத்த மாதிரிதான்னு ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பான்."

"அப்படி எழுதலையே. 'எழுதலையே மச்சான், எழுதலையே'ன்னு நீதானே என் உசிரை எடுப்பே?"

லாண்டரிக்காரருக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் மச்சான் குரலில் சூடு இல்லை. விலை சொல்லுகிற மாதிரி சொன்னார்.

"இதையெல்லாம் நானே சொல்லிப் பாத்துட்டேன் மாப்ள, அன்னைக்கே. உனக்குச் சொல்ல ஏதாவது கிடைச்சிருக்கும். எனக்குச் சொல்லிக்க ஒண்ணும் கிடைக்கல."

"ஏன் மச்சான், தடிக்கு வந்தது, யூதாசுக்கு வந்தது..."

"தடி எனக்கு எதுக்கு?" மச்சான் மாவை உருட்டி ஈரத்துணியால் மூடினார். "தங்கச்சி ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீ இங்க போன் பண்ணினே. 'போயிட்டா மச்சான்'ன்னே. அடுப்புல ரொட்டி. அப்படியே போட்டுட்டு ஓடி வந்தேன். வழியெல்லாம் நான் என்ன சொல்லிக்கிட்டு வந்தேன் தெரியுமா? மத்தேயுல அந்த அப்பன் சொன்னதைத்தான். அவ செத்துட்டா, ஆனா நீர் வந்து தொட்டா பிழைப்பான்னு. செத்தப்புறமும் கேக்கலாம், ஒருத்தன் கேட்டிருக்கான்னு ஒரு தைரியம். கேட்டேன். கிடைக்கல. கிடைக்காட்டாலும் கேட்டது தப்பில்லன்னு இத்தனை வருஷம் இருந்துட்டேன். நீ விரலை வச்சுக் காட்டறே. மாற்குல செத்துட்டாள்னு தெரிஞ்சதுக்கப்புறம் அந்த அப்பன் வாயே திறக்கல. அப்போ செத்தவளுக்காகக் கேட்ட பைத்தியக்காரன் நான் ஒருத்தன்தானா?"

லாண்டரிக்காரர் மச்சான் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டுகளைப் பார்த்தார். அப்புறம், வாழ்க்கையில் முதல் தடவையாக, வேதத்துக்காக மனதாரப் பரிந்து ஒரு வார்த்தை சொன்னார்.

"அப்பன் கேக்காட்டாலும் இயேசு அந்த வீட்டுக்குப் போனாரே மச்சான்."

"போனார். நம்ம வீட்டுக்கு வரல."

அடுப்புக்குள் ரொட்டி மணத்தது. மச்சான் கதவைத் திறந்து ஒரு தட்டை வெளியே இழுத்தார். ஒரு ரொட்டியைக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். வெந்திருந்தது. தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். லாண்டரிக்காரர் மனதில் வேறொன்று முள்ளாக நின்றுகொண்டிருந்தது.

"நான் போயிட்டான்னு சொல்லலையே மச்சான்."

"என்ன?"

"ரொம்ப மோசமா இருக்கு, உடனே வாங்கன்னுதான் சொன்னேன்."

"போயிட்டான்னு சொன்னே. மாவுக் கையோட போனைப் பிடிச்சிருந்தேன். இன்னும் காதுல இருக்கு."

"உடனே வாங்கன்னேன். செத்தவளுக்கு என்ன அவசரம்? நான் ஏன் உடனே வாங்கன்னு கூப்பிடப்போறேன்?"

"உடனே வாங்கன்னும் சொன்னே. போயிட்டான்னும் சொன்னே."

"எனக்குத் தெரியாதா நான் என்ன சொன்னேன்னு?"

"கேட்டவனுக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேதத்தில் ஒவ்வொரு மூலையையும் கிளறினவர்கள், இதை ஒருநாளும் பேசினதில்லை. மச்சான் தாமதமாக வந்தார் என்று லாண்டரிக்காரருக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம் உண்டு. எல்லாம் முடிந்த பிறகுதான் தனக்குச் சொன்னார் என்று மச்சானுக்கும் ஒரு வருத்தம் இருந்திருக்கிறது. அது இப்போதுதான் இவருக்குப் புரிந்தது. மாவு மூட்டை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வார்டுக்குள்ள சிக்னல் இல்ல மச்சான். அவதான் 'அண்ணனுக்குச் சொல்லியாச்சா'ன்னு கேட்டா. மாடிப்படிக்கு ஓடி வந்து போன் போட்டேன். நீங்க எடுக்கல. மறுபடி போட்டேன். பேசிட்டுத் திரும்பிப் போறேன், நர்சம்மா கட்டிலைச் சுத்தித் திரையை இழுத்துக்கிட்டிருக்காங்க."

மச்சான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "உன் கையைப் பிடிச்சுக்கிட்டே போனாள்னு சொன்னியே, எல்லார்கிட்டயும்."

"சொன்னேன். வந்தவங்க எல்லாரும் கேட்டாங்க, சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் ஞாபகம் வருது. அந்தக் கைச் சூடுகூட இருக்கு. ஆனா நான் மாடிப்படியில நின்னேன் மச்சான். உங்ககிட்ட பேசறப்ப அவ இருந்தாளா போயிட்டாளான்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது." தன் உள்ளங்கையைப் பார்த்தார். "ரெண்டையும்தான் சொல்லியிருப்பேன். எதைச் சொல்றோம்னு தெரிஞ்சா சொல்லியிருப்பேன்?"

மழை வலுத்துத் தகரக் கூரையில் கொட்டியது. முன்பக்கம் யாரோ பிஸ்கட் கேட்டு வாங்கிப் போனார்கள். மச்சான் வந்து, அவருக்குப் பக்கத்தில், இன்னொரு மூட்டையில் உட்கார்ந்தார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்துத் தேய்த்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னைக் கேட்டாளா?" என்றார் கடைசியில்.

"கேட்டா மச்சான். அதுல சந்தேகமே இல்ல."

மச்சான் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்ததில் கன்னம் முழுக்க மாவு அப்பிக்கொண்டது.

லாண்டரிக்காரர் மெதுவாகச் சொன்னார். "அந்த அப்பனும் என்னை மாதிரி கட்டிலை விட்டுட்டு ஓடி வந்தவன்தானே? பின்னால வீட்டுல என்ன ஆச்சுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அவனும் ரெண்டையும்தான் சொல்லியிருப்பான். பக்கத்துல நின்ன ஒருத்தன் காதுல ஒண்ணு விழுந்திருக்கும், இன்னொருத்தன் காதுல இன்னொண்ணு. அப்புறம் அவனையே கூப்பிட்டுக் கேட்டிருந்தாலும் ஞாபகம் இருந்திருக்காது."

மச்சான் யோசித்தார். உதட்டைப் பிதுக்கினார். லாண்டரிக்காரர் அந்தப் பிதுக்கலைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"இது பதில் இல்ல மாப்ள."

"ஏன் இல்ல?"

"அப்பனுக்கு ஞாபகம் இல்லாம போகலாம். மத்தேயுக்கும் மாற்குக்கும் தெரியாம போகலாம். எழுத வச்சவருக்குத் தெரியாதா?"

"அவர் ரெண்டு பேரையும் அவங்கவங்க கேட்டபடி எழுத விட்டுட்டார்."

"அதான் கேக்கறேன், ஏன் விட்டார்? ஒருத்தன் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம் இல்ல?"

"எந்த ஒருத்தனை? ரெண்டு பேரும் கேட்டது நிஜம்தானே?"

"நிஜம் வேற, பிழை வேற!"

"அது எப்படி வேற ஆகும்? பிழை இல்லன்னு சத்தியம் பண்ணின ஆளு நீங்க!"

"பிழை இருக்குன்னு நாக்கைப் பிடுங்கற மாதிரி கேட்ட ஆளு நீ!"

மச்சான் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். மாவு புகையாகக் கிளம்பியது. மச்சான் மனைவி திரையை விலக்கி எட்டிப்பார்த்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். திரையை விட்டாள். தெருவில் குடை பிடித்துப் போன ஒருவர் நின்று உள்ளே பார்த்துவிட்டுப் போனார்.

அதோடு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். குரல் இந்த மட்டத்துக்கு வந்துவிட்டது. இங்கேதான் அவள் நூலைக் கடிப்பாள். லாண்டரிக்காரர் தன்னை அறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். மச்சானும் அதே பக்கம் பார்த்தார். அங்கே எண்ணெய் டின்னும் ஒரு பழைய தராசும் இருந்தன. மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மச்சான் எழுந்து, மூடி வைத்த மாவை எட்டிப் பார்த்தார். பைபிளை பிளாஸ்டிக் கவரோடு எடுத்து லாண்டரிக்காரர் கையில் கொடுத்தார்.

"இதை அங்கேயே கொண்டுபோய் வை. ஞாயித்துக்கிழமை வரேன். டம்ளரை எடுத்து வை."

"எடுத்துத்தான் மச்சான் வச்சிருக்கேன்."